உடையப்பன் இயந்திரத்துக்கு வைத்த பொட்டு

என் தங்கை கணவன் உடையப்பனுக்குக் காரைக்குடியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. தச்சர் குடும்பத்தில் பிறந்தும் அவன் போட்ட சட்டத்தில் நான்கு மூலையும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. வாய் மட்டும் இடைவெளி இல்லாமல் ஓடும்.

1973இல், பினாங்கில் நான் வேலை பார்த்த அச்சகம் கழித்துவிட்ட லேமினேட்டிங் மெஷினை அவனுக்குக் கப்பலில் அனுப்பினேன். மேலே ஒரு பிளாஸ்டிக் சுருள், கீழே ஒன்று, நடுவில் சூடேறும் இரண்டு உருளைகள். படத்தை உள்ளே விட்டால் இருபுறமும் பிளாஸ்டிக் ஒட்டி வெளியே வரும். இருந்தாலும் எனக்குப் பயம். ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதி அனுப்பினேன்: பசைப் பக்கம் படத்தைப் பார்த்திருக்க வேண்டும், பளபளப்பு உருளையைப் பார்த்திருக்க வேண்டும், தினமும் முதலில் ஒரு வெற்றுத்தாளை ஓட்ட வேண்டும்.

மறு வருடம் ஊருக்கு வந்தபோது அந்தத் தாள்கள் கடையில் வார்னிஷ் டப்பாவுக்கு அடியில் கிடந்தன. படிக்காமலே சுருளைத் தலைகீழாக மாட்டி, பசையை உருளையில் உருக்கி, அதை உளியால் சுரண்டியிருந்தான். ரப்பரில் அம்மைத் தழும்புபோலக் குழிகள்.

அதைவிடக் கொடுமை அவன் பக்தி. காலையில் மெஷினுக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, மேல்சுருளிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக்கின் பசைப் பக்கத்தில், அதுதான் மெஷினுக்கு நெற்றியாம், மூன்று விரலால் திருநீறு இழுத்து நடுவில் குங்குமம் வைப்பான்.

"மாப்பிள்ளை, இது படத்தோட சேந்து ஒட்டிக்கிருமே?"

"ஒட்டுனா ஒட்டட்டும் மச்சான். சாமிதானே?"

"வெத்துத்தாள ஓட்டிட்டா அதோட போயிரும்ல?"

"பிலிம வெட்டியா ஓட்டச் சொல்றீகளா? கப்பல் காத்து குடிச்சவுகளுக்கு எல்லாம் எளக்காரம்தான்."

ஒரு சாண் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்கிறவனுக்குச் சாமி எதற்கு? தினமும் முதலில் வருகிறவன் படத்தில் பொட்டு விழும். கேட்டால் பிரசாதம் என்பான்.

அந்தச் சமயத்தில்தான் புதுவயல் அரிசி மில்லில், ஆட்கள் எல்லோருக்கும் படம் ஒட்டி பிளாஸ்டிக் போட்ட பாஸ் கொடுப்பதாகப் பேச்சு வந்தது. அந்த வேலை கிடைத்தால்தான் கடை பிழைக்கும். மெஷின் வந்த பெருமையில் சட்டம் போடுவதையே விட்டிருந்தான். என் தங்கை அன்னக்கிளி வளையலைக் கழற்றி அடகு வைத்திருந்தாள். மில் கணக்குப்பிள்ளை சோணைமுத்து காலையில் கடை திறந்ததும் வந்தார். முதலாளி அழகப்பனின் தாயார் சொர்ணவல்லி ஆச்சியின் படம் கையில் இருந்தது.

"இதப் போட்டுக் காட்டும். நல்லா வந்தா பாஸ் வேலை ஒமக்கு."

படத்தில் ஆச்சி வெள்ளைச் சேலையில் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். கணவர் போய்ப் பல வருடம்.

"மாப்பிள்ளை, தாளு!" என்றேன். அதற்குள் படம் உள்ளே போய்விட்டது. வெளியே வந்தபோது ஆச்சியின் நெற்றியில் திருநீறும், நட்டநடுவில் சிவப்பாகப் பொட்டும். இனி எந்த உளியாலும் அதை எடுக்க முடியாது.

சோணைமுத்துவுக்கு வியர்த்தது. "அடப்பாவி, ஆச்சிக்குப் பொட்டு வச்சிட்டியேய்யா! நீயே வந்து குடு." உடையப்பன் என்னையும் இழுத்துக்கொண்டான். தண்டனையைப் பங்கு போடும்போது மட்டும் நான் உறவு.

மில்லில் அழகப்பன் படத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "எந்த மடப்பயடா இது?" அடிக்கவே வந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த ஆச்சி படத்தை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டக் கொண்டுவந்தார். பொட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். அது போகவில்லை.

"அழியாதா?"

"அழியாது ஆச்சி," என்றான் உடையப்பன்.

"நானா வச்சா நாலு பேரு பேசுவாக. இது தானா விழுந்தது, யாரு என்ன சொல்ல? அழகப்பா, இதையே மாட்டு. அந்தப் பாஸு வேலையையும் இவனுக்கே குடு."

வெளியே வந்ததும் உடையப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பாத்தீகளா மச்சான்? ஒங்க பேச்சக் கேட்டு வெத்துத்தாள ஓட்டியிருந்தா இந்த வேலை வந்திருக்குமா?"

அன்னக்கிளியின் வளையல் திரும்பும் என்பதற்காக இந்த முட்டாளின் வெற்றியை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை கீழ்ச்சுருளுக்கும் ஒரு பொட்டு வைத்தான்.