மூணாவது றெக்கை

முப்பது வருஷமா புனேயில இருக்கேன், மராட்டி வரல. கடை கண்ணிக்கு இந்தி, வீட்டுல தமிழ்னு ஓட்டிட்டேன். ஆகுர்டியில மோட்டார் கம்பெனியில இருந்த என் வீட்டுக்காரருக்கு மராட்டி தண்ணி பட்ட பாடு. "இவளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துருச்சு"ன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்ப சிரிக்கவும் மூச்சு பத்தறதில்ல. நுரையீரல் கெட்டுப்போச்சு. ஆக்சிஜன் மிஷின் ஓடற வரைக்கும்தான் அவர் நிம்மதியா இருப்பார்.

கடக்வாஸ்லா தாண்டி மேட்டுல எங்க வீடு. மழைக்காலத்துல கரண்ட் போனா எப்ப வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. வெயிலே இல்லாதப்ப சோலார் வச்சு என்ன பண்ண? காத்து மட்டும் பேயா அடிக்கும். அவர் நடமாடிட்டு இருந்தப்ப, ரெண்டு லைட் எரிஞ்சாப் போதும்னு மாடியில காத்தாடி ஒண்ணு செஞ்சு நிறுத்தினார். பழைய மோட்டாரு, பிவிசி பைப்பை அறுத்த மூணு றெக்கை, சாய்ச்சு இறக்கற மாதிரி ஒரு கம்பம். அதுக்கு மாசாமாசம் கிரீஸ் வைக்கறது இப்ப என் வேலை.

அந்தச் சின்ன றெக்கை சுத்தி வர்ற கரண்ட் ஆக்சிஜன் மிஷினுக்குப் பத்தல. பெருசா மூணு செய்யணும்னார். படுத்தபடியே ஸ்கெட்ச் பேனாவால பைப்புல கோடு போட்டார், நான் அறுத்துத் தேய்ச்சேன். ஒரு வாரம். கை பூரா கொப்புளம். முடிஞ்ச தெம்புல பழைய றெக்கையெல்லாம் பழைய சாமான் வாங்கற பங்கார்காரருக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். புத்தி கெட்டவ.

அன்னைக்கு விடியறப்பவே கரண்ட் போயிருச்சு. மழை விட்ட நேரம் பார்த்து கம்பத்தைச் சாய்ச்சேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒத்தாசைக்கு வந்தார். விவசாயி, மராட்டி தவிர வேற பேச மாட்டார். அவரை நாங்க காக்கான்னு கூப்பிடுவோம், இங்க அது சித்தப்பா முறை. அவர் றெக்கையைப் பிடிச்சுக்கிட்டார், நான் ஸ்பேனரைப் போட்டேன். ரெண்டு றெக்கை நல்லபடியா ஏறிருச்சு. மூணாவதுக்குக் கடைசி நட்டு. காக்கா என் கையைப் பார்த்துக்கிட்டே "புரே, புரே"ன்னார்.

பூரா முறுக்கச் சொல்றார்னு நினைச்சேன். இருக்கற பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். அவர் இன்னும் சத்தமா "புரே"ன்னார். சரி சாமின்னு பல்லைக் கடிச்சு இன்னொரு சுத்து. படக்னு றெக்கை அடியிலிருந்து நீளமா விரிசல் விட்டுருச்சு.

வெண்ணெய் திரள்றப்ப தாழி உடைஞ்ச கதைதான். "நீங்கதான பூராங்கறீங்க"ன்னு இந்தியில கத்தினேன். பந்தியில சோறு வேண்டாம்னு தட்டை மறைப்போமில்ல, அது மாதிரி அவர் கையை விரிச்சுக் காட்டினார். அப்பத்தான் உறைச்சுது. போதும்னு சொல்லிருக்கார் மனுசன். நான் அங்கயே ஈரத்துல உக்காந்து அழுதேன். அவர்கிட்டக் கத்தினதுக்கும் சேர்த்துத்தான்.

கீழ மிஷினை ஓட்டிட்டிருந்த பேட்டரி தீரப்போகுதுன்னு கத்த ஆரம்பிச்சுது. ஓடினேன். மிஷினை நிறுத்திட்டு, கைவசம் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிவிட்டேன். மூணு மணி நேரம் வரும். அதுக்குள்ள இன்னொரு றெக்கை அறுக்கணும், பைப்புக்கு எங்க போக? ஜன்னல் வழியா பார்த்தா மாடித் தண்ணி இறங்கற குழாய் தெரிஞ்சுது. அதே அளவு பிவிசி. தண்ணி செவுத்துல வழிஞ்சா வழியட்டும்.

கட்டிலுக்கு அடியில ரம்பத்தைத் துழாவினேன். படுத்திருந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சார். கொப்புளம் உடைஞ்சு ரத்தம் கசிஞ்சிட்டு இருந்துச்சு. அதையே பார்த்துட்டிருந்தவர், மாஸ்க்கை லேசா விலக்கி, காக்கா சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்.

"புரே."

மேல நடந்ததெல்லாம் அவர் காதுல விழுந்திருக்கும். றெக்கையை மட்டும் அவர் சொல்லலைன்னு அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது. கோவம்தான் வந்துச்சு. மாஸ்க்கை இழுத்து மூக்கு மேல வச்சு அழுத்தினேன்.

"எனக்கு மராட்டி வராதுங்க"ன்னு சொல்லிட்டு, ரம்பத்தை எடுத்துக்கிட்டு மேல போனேன்.