தங்கமான பையனும் தட்டையான பாத்திரமும்

போன வாரம் நான் நடத்திய இலக்கிய வகுப்பால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது!

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் வகுப்பு எடுத்தானா என்று சிரிக்காதீர்கள். நான் பத்திரிகையில் எழுதுகிற பத்தியில் வருகிற ஆட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். ரோஷம் வந்தது. பழைய புத்தகக் கடையில் கதை எழுதுவதைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை. பஸ்ஸில் படித்தேன். ரயிலடியில் படுத்துக்கொண்டு படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது...

ஒரே ஊரில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தாலும் கால் அரிக்கும் எனக்கு. இந்த முறை அந்தக் கால் கொண்டுபோய் விட்ட இடம் திருப்பூர். ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடை. பசிக் காலத்தில் அந்தக் கம்பெனியில் பண்டல் தூக்கியிருக்கிறேன். ஆட்கள் பழக்கம்.

டீ குடிக்க வந்த கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியும் டெய்லர்களும் என் கையில் சிக்கினார்கள்.

"நூல் அறுந்தது, டெய்லர் வீட்டுக்குப் போனார். இது வெறும் சம்பவம். முதலாளி மட்ட நூல் வாங்கிப்போட்டார், அதனால் நூல் அறுந்தது, அதனால் சண்டை, அதனால் டெய்லர் வீட்டுக்குப் போனார். இது கதைப்பின்னல்" என்றேன்.

"இது இங்க தெனமும் நடக்கறதுங்களே!" என்றார் மாஸ்டர்.

அடுத்து பாத்திரங்கள். நல்லவன் என்றால் நல்லவன் மட்டுமே, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒன்றும் இல்லை — அவன் தட்டைப் பாத்திரம். குறையும் நிறையுமாக இருப்பவன் முழுப் பாத்திரம். குறையே சொல்லாமல் ஒருவனை வர்ணித்தால் எவனும் நம்பமாட்டான்...

மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் அதே டீ நேரம். குண்டடத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெரியவர் வந்தார். பெண் கொடுப்பதற்கு முன்னால், பையன் வேலை செய்கிற கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் விசாரிப்பது இங்கே வழக்கம். கேள்வியும் வழக்கமானது, பதிலும் வழக்கமானது. "பையன் எப்படிங்க?" "தங்கமான பையனுங்க!" அவ்வளவுதான்.

"ஏனுங்க, இங்க முத்துச்சாமின்னு ஒரு டெய்லருங்களாமா. எம் புள்ளைக்குக் கேக்கறாங்க. ஆளு எப்படிங்க?"

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நல்ல பையனுங்க. ஆனா குறையும் இருக்குதுங்க. அதையுஞ் சொன்னாத்தான நீங்க நம்புவீங்க?"

நான் மாஸ்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன குறைங்க?"

"ஒரு கம்பெனில நிக்கமாட்டானுங்க. தீவாளிக்குத் தீவாளி மாறிப்போடுவான்." சொல்லிவிட்டு மாஸ்டர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். "இப்ப முழுப் பாத்திரம் ஆயிட்டானுங்களா?"

பெரியவர் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

டீக்கு வந்த முத்துச்சாமி வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பதை நெருங்குகிற வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது மூன்றாவது.

மாஸ்டர் கை காட்ட, பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குங்க தம்பி கம்பெனி மாறிட்டே இருக்கறீங்க?"

உள்நோக்கம்! ஒருவன் செய்வதை ஏன் செய்கிறான்? என் புத்தகத்தில் அதற்கு ஓர் அத்தியாயமே உண்டு.

"ஆர்டர் கொறஞ்சா ஆளை நிறுத்துவாங்க. நாளைக்கு வர வேண்டாம்னு ஒருத்தர் சொல்லி, அதக் கேட்டுட்டு நிக்கறதுக்கு எனக்கு ஆகறதில்லீங்க. அவங்க சொல்றதுக்குள்ள நானே கெளம்பீர்றனுங்க."

"அப்ப எம் புள்ள ஒரு நாள் மொகத்தைச் சுளிச்சா? அவளையும் உட்டுப்போட்டுக் கெளம்பீருவீங்களா?"

 மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

முத்துச்சாமி சட்டையில் ஒட்டியிருந்த பனியன் பிசிரைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "நீங்க வேண்டாம்னுதானுங்க எந்திரிச்சீங்க. அதப் பாத்துட்டும் நான் இன்னும் இங்கயேதானுங்களே நிக்கறேன்?"

 பெரியவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். "டீ ரெண்டு போடுங்க. தம்பிக்கு ஒண்ணு." வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்க்கச் சொன்னார்.

கதையில் வருகிற ஆளுக்கு இரண்டு பக்கம் கேட்கிறோம். ஏன் செய்தான், எதற்குச் செய்தான் என்று துருவுகிறோம். காலமெல்லாம் கூட வாழப்போகிறவனுக்கு மட்டும் 'தங்கம்' என்ற ஒற்றைச் சொல் போதுமா என்ன?

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க? எங்க தங்கல்? ஒரே எடத்துல இருக்கறதில்லைன்னு மாஸ்டர் சொன்னாரு..."

'எதுக்குங்க ஊர் மாறிட்டே இருக்கறீங்க?' என்று அவர் கேட்பதற்குள் நான் வெள்ளகோவில் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்!