இடது மேல் மூலையில் மூட்டம்

2025 ஜூன் 22, ஞாயிறு. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன்; தொட்டி நிறையப் பதினெட்டு நிமிடம் ஆனது. பால் வாங்கி வந்தேன். கொடியில் காயாமல் கிடந்த துணிகளை மீண்டும் உள்ளே எடுத்துவந்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளில் விரித்தேன். ஆறரைக்கு மாடியில் நின்று அருவியைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி, படம் எடுக்கவில்லை. கீழே வந்து நோட்டில் அன்றைய கட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு போட்டேன். அது ஆறாவது கோடு.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவரில் ஒரு சிறு தூண் உண்டு. 2014 சீசனிலிருந்து, ஜூன் முதல் தேதி தொடங்கி செப்டம்பர் முப்பது வரை, தினமும் காலை ஆறரைக்கு அந்தத் தூணின் மேல் என் சிறிய டிஜிட்டல் கேமராவை வைத்து, ஜூமை முழுதும் நீட்டி, மலையையும் அருவியையும் ஒரே ஒரு படம் எடுப்பேன். பிறகு அதைக் கணினியில் பார்த்து நோட்டில் நான்கு கட்டங்களை நிரப்புவேன்: தண்ணீர், காற்று, சாரல், மலைமுகட்டில் மூட்டம். யாரும் என்னை இதைச் செய்யச் சொல்லவில்லை. நில அளவைத் துறையில் வரைவாளனாக இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு, ஒரே இடத்தில் நின்று ஒரே கருவியால் திரும்பத் திரும்ப எடுத்த அளவின் மேல்தான் நம்பிக்கை வரும்.

பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை அந்தக் கேமராவின் லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பழுது பார்ப்பவர் எடுத்தவுடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். தென்காசிக் கடைகளில் கேட்டால், "இப்ப யாரு சார் இதெல்லாம் வாங்குதா?" என்றார்கள். இணையத்தில் பார்த்தால் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய கேமரா திடீரென்று நாகரிகமாகிவிட்டதாம். நான் புதிதாக வாங்கிய விலையைவிடப் பழையதற்குக் கூடுதல் விலை போட்டிருந்தார்கள். போனில் எடுக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். எடுத்தும் பார்த்தேன். வெளியே எதிர்வீடே மங்கலாகத் தெரிகிற சாரலில், அவளுடைய போன் மலையைப் பச்சைப்பசேல் என்று காட்டியது. நான் கேட்காமலேயே திருத்துகிற கருவியை வைத்துக்கொண்டு என்ன பதிவு செய்வது? நாளுக்கு ஒரு கட்டம் காலியாகிக்கொண்டே போனது. இந்த மாதத்துக்குள் அதே வகைக் கேமரா கிடைக்காவிட்டால் பன்னிரண்டாவது நோட்டை மூடிவிட வேண்டியதுதான்.

இந்த நிலையில்தான் ஞாயிறு காலை என் மைத்துனர் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆய்க்குடியில் இருக்கிறார். எதையும் விசாரிக்காமல் நல்லது என்று சொல்லிவிடுவது அவர் குணம்.

"அத்தான், அதே கேமரா, அதே மாடல். குத்தாலத்துல எனக்குத் தெரிஞ்ச ஆள்ட்ட இருக்கு. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

"கண்ணை மூடிக்கொண்டு கேமரா வாங்குவார்களா?" என்றேன்.

"பாத்தியாக்கா, இதுக்குத்தான் நான் நல்லது சொல்லுததே இல்ல," என்று என் மனைவியிடம் முறையிட்டார்.

அந்த ஆள் முன்பு அருவிக்கரையில் குளிக்க வந்தவர்களைப் படம் எடுத்து, உடனே அச்சிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்தபின் அந்தத் தொழில் போய், இப்போது ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிறார். நாங்கள் போனபோது பத்தே கால். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தலையில் எண்ணெய் வடியத் துண்டோடு போகிறவர்களுக்கு நடுவே, பழக்கூடைகளுக்குப் பின்னால் நின்றபடியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தார்.

நான் பத்து முறை போட்டு அணைத்து, லென்ஸ் வெளிவரும் சத்தத்தைக் கேட்டேன். பேட்டரி மூடியின் கொக்கியைப் பார்த்தேன். திருகாணித் தலைகளில் யாரும் கழற்றிய தடம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் முக்காலி மாட்டும் ஓட்டையில் துரு இருந்தது.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்வளவு பாக்க மாட்டாவ," என்றார் பழக்கடைக்காரர்.

"துரு இருக்கிறதே?"

"அருவிக்கரையில பத்து வருசம் நின்னா உங்களுக்கும்தான் பிடிக்கும்."

மைத்துனர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய தராசையும் பழக்குவியலையும் படம் எடுத்தேன். திரையில் எல்லாமே கொஞ்சம் மங்கலாக இருந்தது. கேட்டதற்கு, "சாரல்லா," என்றார். வெளிச்சம் குறைவதைக் கேட்டேன். "சாரல்லா." பொத்தான் அழுத்தினால் கொஞ்சம் தாமதிப்பதைக் கேட்டேன். "சாரல்ல எல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கும் அண்ணாச்சி." கேமராவின் எந்தக் குறையைச் சொன்னாலும் வானத்தைக் கைகாட்டுகிறவரிடம் என்ன பேசுவது? நாலாயிரத்து ஐந்நூறு சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய் என் தூணில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றேன். "கொண்டு போங்க, எங்க ஓடிரப்போறிய?" என்று அதற்கும் ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தூணின் மேல் வைத்து ஆறு படங்கள் எடுத்தேன். கணினியில் பழைய படங்களையும் இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அளவு பொருந்தியது. அருவி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் ஒன்று இல்லை. என் படங்களில் இடது மேல் மூலையில், மலைமுகட்டுக்கு மேலே, எட்டு ஆண்டுகளாக எப்போதும் ஒரு வெள்ளை மூட்டம் படிந்திருக்கும். நோட்டின் நான்காவது கட்டத்தில் நான் எழுதிவருவது அதைத்தான். இந்தக் கேமரா அந்த இடத்தில் வெறும் சாம்பல்நிற வானத்தைக் காட்டியது. ஆறு படத்திலும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்தது. சாரல் நாளில் மூட்டத்தை மறைக்கிற கேமராவுக்கும் என் மனைவியின் போனுக்கும் என்ன வேறுபாடு? பழக்கடைக்காரரைக் கூப்பிட்டு, கேமரா சரியில்லை, திருப்பிக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"என்ன சரியில்ல?"

"மூட்டம் விழவில்லை."

"அண்ணாச்சி, ஒரு நிமிசம், அரைக் கிலோ நிறுத்துக்கிட்டு வாறேன்." யாருக்கோ சில்லறை கொடுக்கிற சத்தம் கேட்டது. "என்ன விழலயாம்?"

விளக்கினேன். இடது மேல் மூலை, எட்டு ஆண்டுகளாக, சாரல் பலமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் என்று சொன்னேன்.

"எட்டு வருசமும் ஒரே மூலையிலயா நிக்கி?"

"ஆமாம்."

"உங்க பழைய கேமராவுல வீட்டுக்குள்ள எடுத்த படம் ஏதாவது கிடக்கா? அத எடுத்துப் பாருங்க. எனக்கு இங்கன ஆள் நிக்கி." போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் நான் எடுக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்மீட்டர். மீட்டர் வாசல் நிலைக்கு மேலே உயரத்தில் இருப்பதால் எண்கள் தெரிய ஜூமை முழுதும் நீட்டித்தான் எடுப்பேன். கடைசியாக எடுத்ததைத் திறந்தேன். மீட்டர் பெட்டி, எண்கள், சுண்ணாம்புச் சுவர். இடது மேல் மூலையில் மூட்டம்.

என் தோளுக்குப் பின்னால் நின்ற மைத்துனர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அத்தான், மீட்டர் பெட்டி மேலயும் சாரலா?"

அவர் ஆய்க்குடி போகும்வரை இதையே மூன்று பேரிடம் போனில் சொன்னார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

பழைய கேமராவை எடுத்து, பாதி நீண்டு நின்ற லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, சிலந்திக் கால்கள் மாதிரிக் கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. 2014, 2015, 2016 படங்களில் மூலை சுத்தமாக இருக்கிறது. 2017 ஜூலையில் லேசாகத் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு பரவியிருக்கிறது. அந்த ஆண்டுக் குறிப்பில் "மூட்டம் சென்ற ஆண்டைவிட அதிகம்" என்று நானே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அதோடு விட்டேனா? மலையில் மூட்டம் கூடிவருகிறது என்று அலுவலகத்தில் சொன்னேன். அவர்களும் ஆமாம் சார், நாங்களும் கவனித்தோம் என்றார்கள். வேறு ஊராக இருந்திருந்தால் எவனாவது லென்ஸைத் துடை என்று சொல்லியிருப்பான். இங்கே ஜூன் மாதம் படத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் யாரும் கேமராவைச் சந்தேகிப்பதில்லை. காலை முழுவதும் ஒருவர் சாரலைச் சாக்குச் சொன்னதற்குப் பல்லைக் கடித்தேன். எட்டு ஆண்டாக நானும் அதைத்தான் கட்டம் போட்டு எழுதிவந்திருக்கிறேன்.

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "தண்ணி விழுந்துச்சா இல்லையாங்கது சரியாத்தான இருக்கு? அந்தக் கட்டத்த மட்டும் விட்ருங்க."

விடுவது எளிதில்லை. உண்மையாகவே மூட்டம் இருந்த நாட்களும் அதற்குள்தான் இருக்கின்றன. எது மலையினுடையது, எது லென்ஸினுடையது என்று இனி பிரிக்க வழியில்லை. மீட்டரைப் புதுக் கேமராவால் எடுத்துப் பார்த்தேன். சுவர் நான்கு மூலையும் ஒரே வெள்ளையாக இருந்தது. துரு துருதான், பொத்தான் தாமதம் தாமதம்தான், ஆனால் கண்ணாடி சுத்தம். கேமராவின் மதிப்பே அதுதான் என்பதைப் பத்து முறை போட்டு அணைத்தபோது நான் பார்க்கவே இல்லை.

பழக்கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"திருப்பிக் கொண்டாறியளா?"

"இல்லை. நாலாயிரத்து ஐந்நூறு அனுப்புகிறேன்."

"கொறைக்கச் சொல்லலியே?"

"இல்லை."

"அப்ப மீட்டர்லயும் இருந்துருக்கு," என்றார். மைத்துனர் அவருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் திங்கள். ஐந்து பத்துக்கு எழுந்து, மோட்டார்கூடப் போடாமல், முதல் வேலையாக 2017ஆம் ஆண்டு நோட்டை எடுத்து மேசையில் விரித்தேன். ஜூலைப் பக்கத்தில் அடிக்கோலை வைத்து, நான்காவது கட்டங்களின் மேல், அலுவலகத்தில் பிழை திருத்துவதுபோல், எழுதியது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் அன்றைய தேதியும் சுருக்கொப்பமும் போட்டேன்.