மாப்பிள்ளைக்கு நான் வைத்த சோதனை

வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடை, கொட்டாஞ்சேனையில் இன்னொன்று, தெமட்டகொடையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் சாமான் களஞ்சியம், கடைக்கு மேலே மூன்று தட்டு மாடிவீடு. எல்லாம் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒருமுறை கடை எரிந்து, அதே நிலத்தில் அதே பெயர்ப்பலகையைத் திரும்ப மாட்டியவன். சிங்களத்தைத் தெருவிலும் ஆங்கிலத்தைச் சீமெந்துப் பைகளிலும் படித்தவன். இந்த வரிசையில் இன்னும் ஒன்று சேர வேண்டும். அதற்காகவே எழுதுகிறேன்.

மகளுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. காலையில் பஸ் நெரிசல் குறையும்வரை என் காசு மேசைக்குப் பக்கத்தில் லப்டொப்போடு உட்கார்ந்து புதிர் போடுவாள். ஓர் இணையத்தளம் நாளுக்கொரு புதிர் தரும். அதை விடுவிக்கும் நிரலை எழுதி அனுப்பினால், பிழை என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை. பச்சை வந்தும் விடமாட்டாள். அதே புதிரை இன்னொரு கணினி மொழியில் முதலிலிருந்து எழுதுவாள்.

“முடிஞ்சதை ஏன் பிள்ளை திரும்பச் செய்யிறாய்?”

“சிங்களத்தில பேரம் பேசுற மாதிரியே தமிழிலயும் பேசுவியளோ அப்பா?”

“தமிழில கதைச்சா ஊர்ப்பேரைச் சொல்லி விலை குறைக்கக் கேப்பாங்கள். அது வேற பேரம்.”

“இதுவும் அப்பிடித்தான். மொழி மாறினா யோசிக்கிற விதமும் மாறும்.”

எனக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சிங்களம் தெரியும் என்று வேலை கேட்டு வருபவனிடம் நான் சான்றிதழ் கேட்பதில்லை. வாசலில் நிற்கும் சிங்கள வாடிக்கையாளரிடம் நேரே அனுப்புவேன். திக்கினால் எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனும் மென்பொருள்தான். ஐந்து கணினி மொழிகள் தெரியும் என்று அவர்கள் அனுப்பிய விபரத்தில் இருந்தது. பையனும் தாயும் பெண் பார்க்க வந்தார்கள். தேநீர் கொண்டுவந்த மகள் உள்ளே போகாமல் நின்றாள். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதனால் தாமதிக்கவில்லை. வடைத் தட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லப்டொப்பை வைத்தேன்.

“தம்பி, இண்டையான் புதிரை அஞ்சு மொழியிலயும் போட்டுக் காட்டும்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஆட்கள் வட்டமாக நிற்கிறார்கள். எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் வெளியேற்ற வேண்டும். கடைசியில் எஞ்சுவது யார்? அதுதான் புதிர். முதல் மொழியில் பச்சை. இரண்டாவதிலும் மெதுவாகப் பச்சை வந்தது. மூன்றாவதில் சிவப்பு. திருத்தினான். மறுபடியும் சிவப்பு. சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் “சிவப்பு” என்று உரக்க வாசித்தேன், அவனுக்குக் கண் தெரியாததுபோல.

“நாங்கள் கலியாணம் பேச வந்தனாங்களோ, சோதனை எழுத வந்தனாங்களோ?” என்று தாய் கேட்டார்.

“அஞ்சு எண்டு எழுதினது நீங்கள் அம்மா. ரெண்டு எண்டு எழுதியிருந்தா நான் வடையை எடுத்திருக்க மாட்டன்.”

மகள் பொறுக்கமாட்டாமல் குனிந்தாள். “இந்த மொழியில வரிசையை ஒண்டில இருந்து எண்ணோணும். நீங்கள் மற்றதுகளைப் போல பூச்சியத்தில இருந்து தொடங்கிட்டீங்கள்.” அவன் ஓர் இடத்தைத்தான் மாற்றினான். பச்சை.

“சொல்லிக் குடுத்தது சேராது,” என்றேன். “என்ர கடையில திக்கினவனுக்குத் தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புறனான். நீர் குடிச்சிட்டீர். போயிட்டு வாரும் தம்பி.”

அவன் லப்டொப்பை மெதுவாக மூடிவிட்டுத் தாயைக் கைப்பிடித்து எழுப்பினான். அவர் படியில் அழுதது மேலே கேட்டது. மகள் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“வட்டத்தில இனி ஆர் மிச்சம் அப்பா?”

“நான்,” என்றேன்.

அடுத்த வாரம் அவன் அந்தப் புதிரை ஐந்து மொழிகளிலும் எழுதி அவளுக்கு அனுப்பினானாம். இவள் ஆறாவது மொழியில் எழுதித் திருப்பி அனுப்பினாளாம். பிறகு நாள்தோறும் அதே வேலை. என் மேசைக்குப் பக்கத்திலேயே, சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே, கலியாணம் முடிவாகியிருக்கிறது. பதிவு செய்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

இப்போது இருவரும் வெள்ளவத்தைக்குள்ளால் போகும் காலி வீதியில் வகுப்பு நடத்துகிறார்கள். ஒரே புதிரைப் பல மொழிகளில் போடவைக்கும் வகுப்பு. கதிரை போதாமல் ஆட்கள் நிற்கிறார்கள். திறப்பு விழாவில் மகள் பேசினாள். நண்பர்களுக்கு நன்றி, மாமிக்கு நன்றி, அந்தப் புதிர்த் தளத்துக்கும் நன்றி. நான் கடைசி வரிசையில் இருந்தேன். முடிந்ததும் நேரே போய், என் பெயரை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“அண்டைக்கு அவரைக் கேவலப்படுத்தினதுக்கும் நன்றி சொல்லோணுமோ அப்பா?”

“ஓம்.”

அவள் அடுத்த ஆளோடு கதைக்கப் போய்விட்டாள். நான் சொல்ல இருந்ததை இங்கே சொல்கிறேன். அன்று அவனுக்குச் சரியாக வந்தது இரண்டு மொழிதான். வடை கொடுத்து மரியாதையாக அனுப்பியிருந்தால் இன்றைக்கும் இரண்டுதான் இருந்திருக்கும். ஐந்தாக்கியது நான் வாசித்த சிவப்பு. வகுப்பு வாசலில் பலகை தொங்குகிறது, அதில் இரண்டு பெயர்கள். கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, நாடா பிடித்து அளந்து பார்த்துவிட்டேன். பெயின்ட் என் கடையிலிருந்தே அனுப்புகிறேன். முதல் சோதனை வைத்தவர் பெண்ணின் தகப்பன் என்று அதில் எழுத வேண்டும்.