மயிலை வாபஸ் வாங்கிய கதை

தேங்காய் காயப்போடும் எங்கள் கொப்பரைக் களத்துக்கும் விமானப் பயிற்சித் திடலுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். பொள்ளாச்சிப் பக்கம் ஆடி மாதக் காற்று ஆளையே தள்ளும். அப்படியொரு காலையில், தரையிறங்கிய குட்டி விமானம் ஒன்று ஓடுதளத்தை விட்டு விலகிப் புல்லில் மூக்கைக் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டிய பெண் தானாகவே இறங்கி வந்து, முதல் வேலையாகத் தன் அம்மாவுக்குப் போன் பண்ணினாள்.

பத்து மணிக்குள், ஊரே டீக்குக் கூடும் பேக்கரியில் காரணம் முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் முப்பது வருஷமாகக் கிணற்று மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவர். "ஏர் லாக்குங்க, பைப்புல காத்து அடைச்சுக்கிச்சு. நம்ம மோட்டாரு திணறுதுல்ல, அதேதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவரைக் களத்திலேயே நிறுத்தினேன். அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்து முந்தின இரவுதான் திரும்பியிருந்தோம். கொப்பரையை மூடியிருந்த நீலத் தார்ப்பாயைக் காணோம். கயிறு மட்டும் கிடந்தது.

"ஏனுங்க, நம்ம தார்ப்பாய் பறந்து போய் ஏரோப்ளேன்ல சிக்கியிருக்குமோ?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மணி, யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

அன்று சாயங்காலம் பேக்கரியில் அவர் சொன்ன காரணத்தில் ஏர் லாக் போய் மயில் வந்தது.

மறுநாள் திடலின் அதிகாரி நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏதாச்சும் பாத்தீங்களா?"

"மயிலுங்க. ரெண்டு. குறுக்க பறந்துச்சுங்க."

"எந்தப் பக்கமிருந்துங்க?"

வீட்டுக்காரர் ஒரு கையால் கிழக்கையும் மறு கையால் மேற்கையும் காட்டினார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மயிலும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. எங்க தார்ப்பாய்தானுங்க. கயித்தக் கட்டுனது நானு. ஜெயிலுன்னா நானே வாரேன், அவருக்குச் சக்கரை இருக்குதுங்க."

"நீலத் தார்ப்பாயா? அது ரெண்டு நாளா எங்க கேண்டீன் கூரை மேல கெடக்குதுங்கம்மா. ஒழுகறதுக்கு ஆச்சுன்னு கட்டிப்போட்டோம்."

"அப்ப என்னதானுங்க காரணம்?"

"இன்னும் தெரியலீங்க. காத்தையும் பாக்கறோம், பிரேக்கையும் பாக்கறோம்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "மயில எழுதியாச்சுங்க. வாபஸ் வாங்கோணும்னா ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அங்கே அந்தப் பெண், மோவாயில் பிளாஸ்திரியோடு, எழுந்து இவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தாளாம்.

"என்ன கண்ணு ஆச்சு?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

"தெரியலீங்க அங்கிள். நானும் அதையேதான் யோசிச்சுட்டிருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அதன்பின் பேக்கரியில் யார் கேட்டாலும், தானே அதை நடத்துவதுபோல, "விசாரணை நடக்குதுங்க" என்பதோடு சரி.

சில வாரம் கழித்து அவள் மறுபடி ஓட்டினாள். நாங்கள் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விமானம் தரையைத் தொட்டு, ஒரு முறை துள்ளி, நேராக ஓடி நின்றது.

"ஏனுங்க, அது எதுக்குத் துள்ளுச்சு?" என்றேன்.

அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.