ஒப்பாரிக்கு ஒரு கிட்டார்

போன ஞாயிறு பின்னேரம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு இசை நிகழ்ச்சி பாதியில் நின்றது. நிறுத்தியது பொலிஸ் இல்லை. பொலிஸ் வந்திருந்தால் பாடியவர்கள் பெருமைப்பட்டிருப்பார்கள்... அப்படிப்பட்ட குழு.

பெயர் 'அடையாள அட்டை'. பங்க் ரொக். அதாவது, இரண்டு நிமிஷத்துக்குள் அரசாங்கத்தைத் திட்டி முடித்துவிட வேண்டும். மெட்டு கிடைத்தால் லாபம். இவர்கள் அதற்குள் பைலா ஆட்டப்பாட்டையும் கலப்பார்கள். காணி பறிபோன கதையைக் கேட்டுக்கொண்டே இடுப்பை ஆட்டலாம். பாதி தமிழ், பாதி சிங்களம், முழுக்க இரைச்சல்.

பாடுவது மதுரா. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்தான், எனக்கு நேர் மேல் வீடு. அவள் வீட்டில் கத்திப் பழகிய நாட்களில் நான் தும்புத்தடியால் சீலிங்கைத் தட்டுவேன். அவள் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகக் கத்துவாள்.

அவளுடைய அண்ணன் கோகுலன், யுத்தத்தின் கடைசிக் காலத்தில் கடைக்குப் பாண் வாங்கப் போனவன். வெள்ளை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மேற்கொண்டு நான் எழுத வேண்டுமா என்ன?

அம்மா மங்கையக்கா இன்னும் தேடுகிறார். மரணச் சான்றிதழை எடுத்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம் என்று ஒவ்வொரு ஆபீஸிலும் தன்மையாகத்தான் சொல்கிறார்கள். “முதல்ல கொண்டுபோனதுக்கு ஒரு துண்டுக் கடுதாசி தாங்கோ. செத்ததுக்கு எழுதினதைப் பிறகு வாங்குறன்” என்பார் மங்கையக்கா.

அண்ணனுக்காக மதுரா ஒரு பாட்டுச் செய்தாள். “ஏதோ குறையுது அங்கிள், ஒருக்கா வந்து கேளுங்கோ” என்று பயிற்சிக்குக் கூப்பிட்டாள். நாலு புத்தகம் படித்தவன் சும்மா இருப்பானா?

“உங்கட பாட்டில மண் இல்லை பிள்ளை. பறையைப் போடுங்கோ. ஒப்பாரியைக் கலவுங்கோ!”

மண்ணைப் பற்றிப் பேசிய எனக்குச் சொந்தமான மண், பால்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குள் இருப்பது மட்டும்தான்.

டிரம்ஸ் அடிக்கும் ஜூட் எங்கிருந்தோ ஒரு பறையைக் கொண்டுவந்தான். மதுரா யூடியூபில் ஒப்பாரி பழகினாள்.

ஞாயிறு, மங்கையக்காவை ஓட்டோவில் கூட்டிப் போனது நான்தான். மகளின் கச்சேரிக்கு முதல் தடவையாக வருகிறார். முன்வரிசையில், ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு. முதல் பாட்டுக்கே நான் காதில் பஞ்சு வைத்துவிட்டேன். அவர் சிரித்தார்.

அடுத்தது அண்ணனின் பாட்டு. கிட்டார் ஓய்ந்தது. பறை விழுந்தது. மதுரா நெஞ்சில் அடித்து, “என்ர ராசாவே...” என்று இழுத்தாள். எனக்குப் புல்லரித்தது. என் ஐடியா அல்லவா!

“நிப்பாட்டு!”

மங்கையக்கா எழுந்து நின்றார். மைக் தேவைப்படவில்லை.

“ஆரடி உனக்குச் சொன்னது அவன் செத்திட்டானெண்டு?”

“அம்மா... இது ஒப்பாரி இல்லையம்மா. ஃபியூஷன்.”

“நெஞ்சிலடிச்சு அழுறது செத்தவீட்டில. சவம் எங்க? காட்டு, நானும் வந்து அழுறன்.”

மண்டபத்தில் ஸ்பீக்கரின் உறுமல் மட்டும். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி சொல்லக் கூடாது... எவ்வளவு சின்ன விஷயம்! எங்களுக்கு ஒப்பாரி என்றால் ஓர் இசை வகை, அவ்வளவுதான். எத்தனை ஆபீஸ்கள் கேட்டும் அந்தத் தாய் போடாத கையெழுத்தை, ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் அவருடைய மகளைக் கொண்டே போடவைத்துவிட்டேன்.

எல்லாம் என் யோசனைதான் அக்கா என்று சொல்ல நினைத்தேன். காதுப் பஞ்சைச் சரிசெய்துகொண்டேன்.

மதுரா மைக்கை விட்டுத் தள்ளிப் போய்ச் சொன்னாள். ஆனாலும் கேட்டது.

“எனக்கு அவன்ர முகமே மறந்துகொண்டு வருதம்மா. அழவும் விடமாட்டியளோ?”

மங்கையக்கா ஹேண்ட்பேக்கின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

“அழாத. முதல் பாட்டில கத்தினியே... அப்பிடிக் கத்து. எங்க அவன் எண்டு கேட்டுக் கத்து.”

ஜூட் பறையைச் சுவரோரமாக, மெதுவாக வைத்தான். டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குச்சிகளைத் தட்டினான். கிட்டார் பாய்ந்தது. எங்க அவன்? எங்க அவன்? அதையே சிங்களத்திலும் கேட்டார்கள். மதுராவின் குரல் கிழிந்தது, கண்ணீரும் வந்தது. அதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

மங்கையக்கா தன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போட்டார். நான் பஞ்சை எடுத்துப் பொக்கட்டில் வைத்தேன்.

பாட்டு முடிந்ததும் அவர் ஜூட்டைப் பார்த்துக் கேட்டார்: “இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டேலாதோ தம்பி?”

“இதுதான் ஃபுல் அன்ரி.”

ஃபுல்லில் வைத்துக் கேட்டும் யாருக்கும் கேட்காமல் போவது மங்கையக்காவுக்குப் புதிதில்லை.