மாப்பிள்ளைக்கு இரண்டு டின் கடல்

கல்யாணமாகித் தங்கவயலுக்கு வந்த பிறகு நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை. சென்னைக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் அப்பா நெஞ்சுவலியோடு கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும், "உங்கப்பா உன்னத்தான் கேட்டுக்கினே கீறாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

"மாசம் பொறக்கட்டும், போலாம்" என்பார் இவர். மாதமும் அதுபாட்டுக்குப் பிறந்துகொண்டுதான் இருந்தது.

இவர் மைசூர் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிக் பிட்டர். ஒருநாள் துரை பங்களாவில் ஃபேன் ரிப்பேர் பார்க்கப் போனார். வெள்ளைக்காரன் போய் நம்மவர்களே ஆபீசராகிவிட்ட பிறகும் எங்களுக்கு அவர்கள் துரைதான். அந்த பங்களாவில் கண்ணாடித் தொட்டியில் தங்க மீன் விட்டிருந்தார்களாம். பக்கத்தில் கிடந்த ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் கடல் தண்ணீர்த் தொட்டியின் படம், பவளமும் வண்ண மீனுமாக. அவ்வளவுதான், பிடித்தது சனி.

"தொரை வூட்லயே நல்ல தண்ணி மீனுதான் கீது. நம்ம வூட்ல கடலே வரப்போவுது, பாரு" என்றார். கூடவே ஒரு பெருந்தன்மை வேறு: "நீதான் ஊரு ஊருன்னு ஏங்குறியே. இங்கியே கொண்டாந்துடறேன்."

நான் கேட்டது கடலையா? சொல்லுங்கள்!

ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, இடுக்கில் ஒழுகாமல் மக்கு பூசித் தொட்டி தயாரானது. மைன்ஸ் கொடுத்த எங்கள் லைன் வீட்டில் இருந்ததே ஒரு அறையும் ஒரு அடுப்படியும். தொட்டி உள்ளே வந்தது, கட்டில் வெளியே போனது. அடுத்து, மண்ணெண்ணெய் டின் இரண்டைக் கழுவி, துரு பிடிக்காமல் இருக்க உள்ளே மெழுகு உருக்கி ஊற்றினார். கடல் தண்ணீர் எடுக்க எங்கே போகிறார் தெரியுமா? என் ஊருக்கு! என்னை அழைத்துப் போகக் கிடைக்காத லீவு, தண்ணீருக்குக் கிடைத்துவிட்டது.

நான் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"நீ எங்க வர்ற? ரயில்ல நான் டின்னப் புடிப்பனா, உன்னப் புடிப்பனா?"

போய்விட்டு வந்தார். டின்களில் தண்ணீர், மீன், ஈரச் சாக்கில் சுற்றிய கற்கள், ஒரு சிறு மூட்டை கடல் மணல். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு எங்கள் ஊரில் 'பார்' என்று பெயர். அந்தப் பாரில் அப்பாவே முழுகிக் கற்களைப் பெயர்த்துக் கொடுத்தாராம்.

"நெஞ்சுவலியோட முழுகினாரா?" என்றேன்.

"முழுகற ஆளுக்கு இன்னா நெஞ்சுவலி? சோக்கா கீறாரு."

"என்னைக் கேட்டாரா?"

"கேக்காம? அடுத்த மாசம் இட்டாரேன்னு சொல்லிட்டேன், போதுமா?"

பொய் சொல்வானேன், தொட்டி அழகாகத்தான் இருந்தது. நீலப் பொடி மீன்கள் கல்லிடுக்கில் நுழைந்து நுழைந்து வரும். கல்லில் ஒட்டிய கடல் பூ ஒன்று மெல்ல விரியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நான் மீனைப் பார்க்கவில்லை. அப்பா கை பட்ட அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மீன் மூச்சுவிடக் காற்று வேண்டுமே, அதற்கு ஒரு லாரி டியூப். சைக்கிள் பம்பால் அதில் காற்றடித்து வைத்தால், ஆஸ்பத்திரி ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வரும். இவர் ஷிப்டுக்குப் போய்விடுவார். காற்றடிப்பது யார்? நான்தான். ஒருநாள் ஏர் பிளாஸ்ட் வந்தது. சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்து மேலே வீடெல்லாம் குலுங்குவதை அப்படித்தான் சொல்வோம். அலமாரிப் பாத்திரமெல்லாம் என் மேல் உருண்டு விழ, இவர் பாய்ந்து போய்க் கட்டிப்பிடித்தது தொட்டியை.

துரை ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியின் அடியில் அப்பா கொடுத்த மணல் கறுப்பாக, சிப்பித் தூளோடு கிடந்தது அசிங்கமாகத் தெரிந்தது. அதை வாரி வெளியே கொட்டிவிட்டு, சைனைட் மேட்டிலிருந்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்தார். தங்கக் கல்லை மாவாக அரைத்து, சைனைடில் அலசித் தங்கத்தை எடுத்த பிறகு கொட்டுகிற மண் அது. மலை மலையாகக் குவிந்து கிடக்கும். எங்கள் லைன் பிள்ளைகள் அதில்தான் சறுக்கி விளையாடும், அதைப் போட்டுத்தான் பாத்திரம் தேய்ப்போம்.

"அது சைனைட் மண்ணாச்சே" என்றேன்.

"நமக்கு இன்னா ஆயிடுச்சி, மீனுக்கு ஆவறதுக்கு? பாரு, மாவாட்டம் எவ்ளோ சுத்தம்!"

ஞாயிறு காலை மீன்கள் ஒருக்களித்து மிதந்தன. கடல் பூ கரைந்து சளியாகத் தொங்கியது. துரை வரவேயில்லை, ஏதோ வேலையாம். இவர் என்னைப் பார்த்து, "ஒயுங்கா காத்தடிச்சியா நீ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பம்பைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். மறுபடி தண்ணீர் எடுத்துவர வேண்டும் என்று, ஒழுகிய டின்களை பக்கத்து நந்திதுர்க் மைன்ஸில் ஒருவரிடம் பற்றவைக்கக் கொடுத்தார் இவர்.

ஒரு சாயங்காலம் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். காலை ரயிலைப் பிடித்தால் அடக்கத்துக்குள் போய்விடலாம். விடியும் முன்பே கிளம்பினோம். பாதி வழியில் இவர் நின்றார்.

"நீ ஸ்டேஷனுக்குப் போ. நந்திதுர்க்ல அந்த டின்ன வாங்கிக்கினு தோ வந்துடறேன். எப்டியும் அங்க போறோமே."

சாவு வீட்டுக்கு டின் எதற்கு என்று கத்தியிருக்க வேண்டும். அழுது அழுது எனக்குத் தொண்டையே இல்லை. ரயில் வந்தது, நின்றது, போனது. டிக்கெட் காசு அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்கால ரயிலில் கிளம்பி மறுநாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்காக இருட்டும்வரை வைத்திருந்தார்களாம். அதற்கு மேல் உடம்பு தாங்காது என்று மாதா கோயில் சாமியார் சொல்லிவிட்டாராம். கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணைத்தான் பார்த்தேன்.

"இன்னா மாப்ள, இவ்ளோ நேரம்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ட்ரெய்னு லேட்டுங்க."

"ரயில் லேட் இல்ல!" என்று கத்தினேன். "டின் எடுக்கப் போனாரு! அந்த டின்னுக்காக எங்கப்பா மூஞ்சியப் பாக்க விடல!"

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அவள் கை உப்புக் கரித்தது. "வாய மூடுடி. மாப்ள மனசு நோவப் போவுது. நாளைக்கு நீ அவரு கூடத்தான வாயணும்" என்று காதில் சொன்னாள். அழுகைகூட நிற்காத குரலில் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"டேய், மாப்ள வெறுங்கையோட போவக் கூடாது. கலங்காத தண்ணியாப் பாத்து ரெண்டு டின்னும் ரொப்பிக் குடுறா."

அண்ணன் டின்களை எடுத்துக்கொண்டு போய், அப்பாவின் கட்டுமரத்தைத் தள்ளினார்.